தராசிலிருந்து தாளுக்கு

ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கும் எவரும் கல்வி உளவியலில் ‘பயிற்சி மாற்றம்’ என்ற தலைப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் உதவினால் நேர் மாற்றம். இடைஞ்சல் செய்தால் எதிர் மாற்றம். உதவியும் இல்லை, உபத்திரவமும் இல்லை என்றால் சுழி மாற்றம். உளவியலாளர்களில் தார்ண்டைக் சொன்னது ஒன்று, ஜட் சொன்னது ஒன்று. ஐந்து மதிப்பெண். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். உளவியலின் தொடக்கப் பாடங்களில் பார்வைக்கு எளிதாகத் தோன்றி ஆளை மிகவும் ஏமாற்றுவது இதுதான் என்பது என் எண்ணம். பள்ளிக்கூடம் என்ற ஏற்பாடே இதன் மேல்தான் நிற்கிறது. வகுப்பில் கற்றது வெளியே போகும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், பிள்ளைகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார வைப்பதற்கு வேறு என்ன நியாயம் இருக்கிறது?

இதைப் பற்றிப் பேசச் செம்பட்டி பொருத்தமான ஊர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகும் சாலை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. மேற்கே அந்த மலையில் 1942 முதல் 1944 வரை இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தங்கிச் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்தார். கிழக்கே சில கிலோமீட்டரில் சின்னாளபட்டி. அதையொட்டி, காந்தியின் கைத்தொழில் கல்வியோடு 1947இல் தொடங்கிய காந்திகிராமம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். அதற்கு முன் இவையெல்லாம் மதுரை மாவட்டம். பிள்ளை கையால் வேலை செய்யும்போதுதான் அதன் அறிவு வளர்கிறது என்ற ஒரே கொள்கையின் இரண்டு வடிவங்கள் ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் ஒரே மாவட்டத்தில் வந்து அமர்ந்தன. இரண்டும் பயிற்சி மாற்றத்தை நம்பியவை. ஒன்று பொருளை நம்பியது, மற்றது ஆசிரியரை நம்பியது. இந்த வேறுபாடு அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அதுதான் முக்கியமாகத் தெரிகிறது.

முதலில் கருத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். அதற்குச் சின்னாளபட்டி நூலே போதும்.

அந்த ஊரில் பருத்திச் சுங்குடியும் உண்டு, செயற்கைப் பட்டும் உண்டு. பருத்தி நூலுக்கு நம்பர் சொல்வார்கள். 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுவே அந்த நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம் இருக்கும். எண்பதாம் நம்பரில் அதைப்போல் இரு மடங்கு. ஆக, நம்பர் ஏற ஏற நூல் மெலியும். செயற்கைப் பட்டு இழைக்கு வேறு கணக்கு. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். இங்கே எண் ஏற ஏற இழை தடிக்கும். பருத்தியிலேயே பழகிய ஒருவர் முதன்முதலில் செயற்கை இழையை வாங்கப் போகும்போது, 75 டெனியரைவிட 150 டெனியர் மெல்லியதாக இருக்கும் என்று நினைத்தால் அது அசல் எதிர் மாற்றம். பழைய அறிவு புதிய இடத்தில் காலை வாரிவிடுகிறது. நெசவுத் தொழிலில் யாரும் இதில் நெடுநாள் தடுமாறுவதில்லை. இழையைத் தொட்டுப் பார்த்ததும் விரல் திருத்திவிடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நடுநிலை வகுப்புக் கணக்கில் நேர் விகிதம், எதிர் விகிதம் என்று ஒரு பாடம் வரும். பத்துப் பேர் ஆறு நாளில் வெட்டும் கால்வாயைப் பதினைந்து பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்பது போன்ற கணக்குகள். நூல் நம்பரும் டெனியரும் அந்தப் பாடத்தின் இரண்டு பாதிகள். ஒரே எடைக்கு நீளத்தைச் சொன்னால் மெலிவு. ஒரே நீளத்துக்கு எடையைச் சொன்னால் தடிமன். தறி வீட்டில் வளரும் பிள்ளைக்கு இது பேச்சு வழக்கு. அந்தப் பிள்ளை கால்வாய்க் கணக்கை எளிதாகப் போடுமா? போடும் என்றுதான் யாரும் நினைப்போம். உளவியல் நூறு ஆண்டுக்கு மேலாக இந்த நினைப்பைத்தான் சோதித்துவருகிறது.

1901இல் எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் உட்வர்த்தும் அமெரிக்காவில் செய்த சோதனை எளிமையானது. செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பழகிய அளவுகளில் நன்றாகத் தேறினார்கள். அளவையும் வடிவத்தையும் மாற்றியதும் அந்தத் தேர்ச்சியில் பெரும்பகுதி காணாமல் போனது. அக்காலத்து மேல்நாட்டுப் பள்ளிகளில் லத்தீனும் வடிவியலும் மூளையைப் பொதுவாகக் கூர்தீட்டும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு இது பெரிய அடி. பழைய வேலையிலும் புதிய வேலையிலும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான் மாற்றம் நடக்கும் என்றார் தார்ண்டைக். நம்மூரில் அந்த லத்தீனின் இடத்தில் இன்று அபாகஸ் வகுப்பும் சதுரங்க வகுப்பும் இருக்கின்றன. சதுரங்கம் நல்ல ஆட்டம். அது கணக்குப் பாடத்தை உயர்த்தும் என்ற கூற்றை ஒழுங்கான ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்த ஆய்வுகளில் பலன் மிகச் சிறிதாகவோ இல்லாமலோதான் வந்திருக்கிறது. சதுரங்கம் சதுரங்கத்துக்காக ஆடத் தக்கது.

சார்லஸ் ஜட் 1908இல் வெளியிட்ட சோதனை வேறொரு பக்கத்தைக் காட்டியது. தண்ணீருக்கடியில் இருக்கும் குறியைச் சிறுவர்கள் எறிந்து அடிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒளி விலகலை முன்கூட்டியே விளக்கினார்கள், மற்றதற்கு இல்லை. பன்னிரண்டு அங்குல ஆழத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் பழகின. ஆழத்தை நான்கு அங்குலமாகக் குறைத்தபோது, விளக்கம் கேட்ட குழு சட்டென்று சமாளித்துக்கொண்டது. மற்றவர்களுக்குப் பழைய பழக்கமே இடைஞ்சலாயிற்று. ஆத்தூர் காமராசர் அணையிலோ கண்மாயிலோ மீன் பிடித்துப் பழகியவருக்கு, தண்ணீரில் தெரியும் இடத்தில் மீன் இருப்பதில்லை என்பது தெரியும். ஆழத்துக்கு ஆழம் அந்தப் பிசகு ஏன் மாறுகிறது என்பது தெரிந்தால், தெரியாத நீர்நிலையிலும் அவர் கை தப்பாது. ஜட் கண்டது அவ்வளவுதான். கைப்பழக்கம் தனியாகப் பயணம் போகாது; காரணம் கூட வர வேண்டும்.

தேங்காய்ப் பையன்

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஜட்டோடு நின்றுவிடுகின்றன. கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது.

1985இல் டெரெசினா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமான் என்ற மூவர் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்பது முதல் பதினைந்து வயது வரையுள்ள ஐந்தே பிள்ளைகள். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போலப் போய்ப் பொருள் கேட்டார்கள். கடையில் வந்த கணக்குகளில் 98 சதவீதம் சரியாக வந்தது. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். கதைக் கணக்காகக் கொடுத்தபோது நடுவில், 74 சதவீதத்தில் நின்றது.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தேங்காய் விற்கிறான். ஒன்று 35 குருசேரோ. பத்து வேண்டும் என்கிறார் ஆய்வாளர். பையன் மூன்று தேங்காய் 105 என்கிறான். இன்னும் மூன்று சேர்த்து 210. இன்னும் நான்கு வேண்டும். 315 வரை வந்து, யோசித்து, 350 என்று முடிக்கிறான். பத்தால் பெருக்க ஒரு சுழியைச் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதி அவனுக்கு நினைவில் வரவே இல்லை. மூன்று மூன்றாகக் கொடுத்துப் பழகியவன் அவன். 105 அவன் நாக்கிலேயே இருக்கிறது. இப்படித் தேங்காயாகக் கேட்டால் நான்குக்கு 140 என்று சொல்லிவிடும் பிள்ளை, தாளில் 35 பெருக்கல் 4 என்று கொடுத்தபோது 200 என்று எழுதியது. நாலஞ்சு இருபது, சுழி போட்டு மீதி இரண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்நான்கு இருபது. மீதியைப் பெருக்கிய பிறகு கூட்டாமல், கூட்டிய பிறகு பெருக்கிவிட்டது. நான்கு தேங்காய்க்கு 200 கேட்டால் எந்த வாடிக்கையாளரும் அடிக்க வந்துவிடுவார் என்பது அதற்குத் தெரியும். ஆனால் தாளில் தேங்காய் இல்லை.

ஐந்து பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்லலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதில் நாற்பது ஆண்டு கழித்து இந்தியாவிலிருந்து வந்தது. 2025இல் ‘நேச்சர்’ இதழில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோரை உள்ளிட்ட குழு, கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளையும் 471 பள்ளிப் பிள்ளைகளையும் ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. கிலோ இருபது ரூபாய் என்றால் எண்ணூறு கிராம் என்ன விலை, அதோடு இன்னொரு காய் ஒரு கிலோ நானூறு சேர்த்தால் மொத்தம் என்ன, ஐம்பது கொடுத்தால் மீதி என்ன என்பது போன்ற கணக்குகளைச் சந்தைப் பிள்ளைகள் தாளோ பென்சிலோ தொடாமல் போட்டார்கள். அதே பிள்ளைகளில், கொல்கத்தாவில், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் மூவரில் ஒருவர் அளவே.

தெருப் பிள்ளைகளின் மேதைமையை வியக்க இந்தப் பாதி போதும். எனக்கு மற்றப் பாதிதான் முக்கியம். பள்ளிப் பிள்ளைகள் தாள் கணக்கில் தேறினார்கள். சந்தைக் கணக்கு வந்ததும் தடுமாறினார்கள். எழுதிப் பார்த்தார்கள், கோடு போட்டு எண்ணினார்கள், நேரம் எடுத்தார்கள், அப்படியும் பலருக்கு வரவில்லை. போக்குவரத்து இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது. வாழ்க்கைக்குப் பயன்படும் என்று பள்ளி தருவது வாழ்க்கைக்குப் போகவில்லை. வாழ்க்கை தந்தது பள்ளிக்குள் நுழையவில்லை. தார்ண்டைக் இதைப் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

இந்த அடைப்பு குறைவாக இருந்த பழைய ஏற்பாடு ஒன்று நம்மிடம் இருந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று மனப்பாடம் செய்தார்கள். முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. இந்தப் பெயர்கள் பின்னத்துக்கும் உரியவை. மாவும் காணியும் நில அளவுக்கும் உரியவை. பொன்னிலக்கம் பின்னத்தின் வரிசையாகவும் நெல்லிலக்கம் நெல் அளவின் வரிசையாகவும் வந்தன. எண்ணும் பொருளும் ஒரே சொல்லுக்குள் இருந்ததால், கற்றதைக் களத்துக்குக் கொண்டுபோகத் தனி முயற்சி குறைவாகவே தேவைப்பட்டது. இந்தக் கல்வியை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, அதில் மனப்பாடம் ஒரு குருட்டுப் பழக்கமாக இல்லாமல் கணக்கிடும் வழியாகவே இருந்ததைக் காட்டியிருக்கிறார். இதைச் சொல்லி ஏக்கப்பட எனக்கு விருப்பமில்லை. அந்தத் திண்ணை எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை. பெண் பிள்ளைக்கு அநேகமாகத் திறக்கவே இல்லை. வரப்பில் நின்று வேலை செய்த பிள்ளைக்கு மா என்றால் உழ வேண்டிய நிலம். அதன் கணக்கு கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்தது.

மலையில் ஓர் இத்தாலியர்

மாண்டிசோரி மருத்துவம் படித்தவர். 1896இல் ரோமில் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தபோது, இட்டார்ட், செகின் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் உண்டாக்கிய பொருள்களை எடுத்து மாற்றியமைத்தார். 1907 ஜனவரியில் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தது. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் 1939 இறுதியில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தபோது வயது 69. சில மாதம் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாக எண்ணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே அவரும் மகன் மாரியோவும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாயின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவித்தார்கள். போர் முடியும்வரை இருவராலும் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியவில்லை.

அப்படித்தான் அவர் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார். இலங்கையிலிருந்து வந்து அவரிடம் பயின்ற லேனா விக்ரமரத்னவின் துணையோடு அங்கே ஒரு சிறு பள்ளி நடந்தது. ஊர்ப் பிள்ளைகளும் வெளிநாட்டார் பிள்ளைகளும் வயதுக் கலப்பாக இருந்தார்கள். மலையில் பாசியும் பெரணியும் பூச்சியும் குறைவில்லை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு உலகம் முழுவதையும் ஒன்றோடொன்று தொடர்புடைய ஒரே கதையாகக் காட்டிவிட்டு, அதன் உள்ளே தனித்தனிப் பாடங்களைத் தேட விட வேண்டும் என்ற அவருடைய பிற்காலக் கொள்கை உருப்பெற்றது இங்கேதான். இன்று உலகமெங்கும் உள்ள மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகள் பின்பற்றும் ‘பிரபஞ்சக் கல்வி’ அதுதான். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருவோரின் பட்டியலில் ஏரியும் தூண்பாறையும் இருக்கும், இது இருக்காது.

நம் கேள்விக்கு வேண்டியது அவருடைய பொருள்கள். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று: பத்துக் கனசதுரங்கள், விளிம்பு ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து வரை. நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, பொருள் ஒன்று. மாறுவது அளவு மட்டும். பிள்ளையின் கவனம் வேறெங்கும் போக வழியில்லை. எண்ணுக்குத் தங்க மணிகள்: தனி மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி, அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்த சதுரத் தட்டு நூறு, பத்துத் தட்டு அடுக்கினால் ஆயிரம் மணிக் கனசதுரம். ஆயிரம் என்பதைப் பிள்ளை தூக்கிப் பார்க்கிறது. அடுத்த கட்டத்தில் மணி இல்லை, 1, 10, 100 என்று எழுதிய சிறு வில்லைகள். எழுதிய எண்ணும் நிறமும் மட்டுமே இடமதிப்பைச் சொல்லும். அதற்கும் அடுத்து வில்லையும் இல்லை, தாள்தான். படிப்படியாகப் பொருளை உருவிக்கொண்டே வந்து எண்ணை மட்டும் விட்டுவிடுகிறார். தார்ண்டைக் கேட்ட பொதுக்கூறு, ஜட் கேட்ட காரணம் இரண்டையும் மரத்திலும் மணியிலும் செதுக்கி வைத்துவிட்டார் என்று சொல்லலாம்.

ஜூடி டிலோச் 1987இல் வெளியிட்ட சோதனை இந்தப் படிகளின் அருமையைக் காட்டுகிறது. ஓர் அறை, அதன் சிறு மாதிரி ஒன்று. மாதிரியின் குட்டி சோபாவுக்குப் பின்னால் குட்டிப் பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கிறது, எடுத்து வா என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை நேராகப் போய் எடுக்கும். இரண்டரை வயதுப் பிள்ளை அறை முழுக்கத் தேடும். மாதிரியில் எங்கே ஒளித்தார்கள் என்பது அதற்கு நன்றாக நினைவிருக்கிறது. மாதிரி வேறொன்றைக் குறிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. பின்னர், ஓர் இயந்திரம் பெரிய அறையையே சுருக்கிவிட்டது என்று நம்ப வைத்துச் சோதித்தபோது இரண்டரை வயதுப் பிள்ளைகளும் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது குறியீடு இல்லை, ஒரே அறைதான்!

இதிலிருந்து ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. கையில் கொடுக்கும் பொருள் எவ்வளவு அழகாக, விளையாட்டுச் சாமானாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது எதைக் குறிக்கிறது என்பது பிள்ளைக்கு மறையலாம். கண்ணைப் பறிக்கும் ஆப்பிள் பொம்மைகளைக் கொடுத்துக் கூட்டல் சொல்லித்தரும் பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும். ஏஞ்சலின் லில்லார்ட் 2012இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மாண்டிசோரியின் பொருள்களை மட்டும் வைத்திருந்த வகுப்புகளில் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள். அவற்றோடு வேறு விளையாட்டுப் பொருள்களையும் சேர்த்த வகுப்புகள் பின்தங்கின. நம் நகரங்களில் பெயர்ப்பலகையில் மாண்டிசோரியும் உள்ளே பிளாஸ்டிக்கும் இருக்கும் பள்ளிகள் எத்தனை என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

தக்ளியும் தந்தை தொழிலும்

1931 அக்டோபரில் லண்டனில் வட்டமேசை மாநாட்டுக்குப் போயிருந்த காந்தி, மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேசினார். மாண்டிசோரியின் பள்ளிகள் காந்திக்குப் பிடித்திருந்தன. செலவுதான் உறுத்தியது. கோடிக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செதுக்கிய கனசதுரம் யார் கொடுப்பது? ஆறு ஆண்டு கழித்து, 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் அவர் சொன்ன விடை கைத்தொழில். நூற்பு, நெசவு, தோட்டம், தச்சு. ஜாகிர் ஹுசேன் தலைமையில் பாடத்திட்டக் குழு அமைந்தது. யாழ்ப்பாணத் தமிழர் இ.டபிள்யூ. ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷா தேவியும், நம் ஜே.சி. குமரப்பாவும் அதில் இருந்தார்கள். ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில். எல்லாப் பாடமும் ஒரு தொழிலைச் சுற்றி. தமிழில் ஆதாரக் கல்வி என்று பெயர் பெற்றது.

டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கியபோது இந்தக் கல்விதான் அதன் நடுநாயகம். செம்பட்டி வட்டாரத்துக்குச் சௌந்தரம் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1952இல் ஆத்தூர்த் தொகுதியில் வென்றார். காந்திகிராமம் 1956இல் ஊரகக் கல்வி நிறுவனமும் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆனது.

ஆதாரக் கல்வியின் உயிர் எதில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். தக்ளி என்னும் கைக்கதிரில் பிள்ளை நூற்கிறது. அந்த நூலின் நீளத்தை அளக்கலாம், எடை போடலாம், நம்பர் காணலாம். அங்கே விகிதம் இருக்கிறது. பருத்தி எங்கே விளைகிறது என்றால் புவியியல். லங்காஷயர் ஆலை என்றால் வரலாறு. தக்ளி ஏன் சுழல்கிறது என்றால் இயற்பியல். இதற்கு அவர்கள் வைத்த பெயர் இணைப்பு. காகிதத்தில் படிக்க மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் தக்ளி எதையும் தானாகச் சொல்லாது. தங்க மணிக்குள் பத்தின் அடுக்கு இருக்கிறது. தக்ளிக்குள் விகிதம் வெளிப்படையாக இல்லை. ஒவ்வொரு இணைப்பையும் ஆசிரியர் உண்டாக்க வேண்டும். ஆரியநாயகம்போல ஒருவர் காந்தியின் சேவாகிராமத்தில் செய்தார். காந்திகிராமத்தில் நேரடிப் பார்வையில் செய்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகளில், சில மாதப் பயிற்சியோடு வந்த, தானே ஏட்டுக் கல்வியில் வளர்ந்த ஆசிரியர் என்ன செய்வார்? காலையில் நூற்க வைப்பார், மதியம் பாடப் புத்தகத்தைத் திறப்பார். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தன, அவ்வளவுதான். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு ‘பணி அனுபவம்’ என்ற பெயருக்கு வந்தபோது அசல் ஏற்கெனவே கரைந்திருந்தது. இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கைத்தொழில் பீரியட் என்று ஒன்று நினைவிருக்கும். அதில் என்ன கணக்குக் கற்றீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

தமிழ்நாட்டில் கைத்தொழில் கல்வி என்ற பேச்சை எடுத்தாலே வேறொரு நினைவு முந்திக்கொண்டு வரும். 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம்: பள்ளி மூன்று மணி நேரம், மீதிப் பொழுது பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார்; காமராசர் முதல்வரானதும் அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. சாதிக் காரணத்துக்காக அது தோற்கத் தக்கது. அதைப் பற்றி இன்னொரு முறை வாதாட வேண்டியதில்லை. நான் சேர்க்க விரும்புவது உளவியல் பக்கம். சேவாகிராமத்தில் தொழில் பள்ளிக்குள் இருந்தது, ஆசிரியர் பக்கத்தில் இருந்தார்; எந்தப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் செய்தது. 1953 திட்டத்தில் தொழில் வீட்டுக்குப் போய்விட்டது. செருப்புத் தைக்கும் வீட்டில் பிள்ளை தைக்கும். அந்தத் தையலை வடிவியலோடு இணைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? மூன்று மணி நேரப் பள்ளியில் அந்தத் தையல் ஒரு சொல்லாகக்கூட வராது. கொல்கத்தாச் சந்தைப் பிள்ளைகளிடம் 2025இல் கண்ட அடைப்பை, அந்தத் திட்டம் மாநிலத்தின் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் விதியாக்கப் பார்த்தது. சமூக நீதிக்காக அதை எதிர்த்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கற்றல் உளவியலின் பக்கமும் நின்றார்கள். கைத்தொழில் என்ற பெயர் இரண்டிலும் கேட்கிறது என்பதால் ஆதாரக் கல்வியையும் இதையும் ஒரே கூடையில் போடுவோர் இரு தரப்பிலும் உண்டு. இரண்டும் வேறு.

பிற்பாடு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலியின் கிராமப் பள்ளி முறையையும் மாண்டிசோரியின் சாயலையும் கொண்டது. அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் வேலை. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பொருளும் செயலும் பிள்ளையின் கைக்குப் போகத்தான் செய்தன. செயல் முடிந்ததும் தாளுக்கு எப்படிப் போவது என்ற கடைசி அடிதான் ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டது. டெல்லியின் முன்பருவப் பள்ளிகளில் ஸ்பெல்கியும் டூஃப்லோவும் சேர்ந்து செய்து 2017இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதை. எண்ணுணர்வை வளர்க்கும் விளையாட்டுகள் எண்ணுணர்வை வளர்த்தன, அந்த வளர்ச்சி ஓராண்டுக்கு மேல் நீடித்தது. பள்ளிக் கணக்கில் அதன் பயன் தெரியவில்லை.

அந்தக் கடைசி அடி எப்படி இருக்கும் என்பதற்கு மேரி கிக்கும் கீத் ஹோலியோக்கும் 1980களில் செய்த சோதனைகளில் துப்பு இருக்கிறது. ஒரு கதையைச் சொல்லிவிட்டு, அதே அமைப்புள்ள, ஆனால் தோற்றத்தில் வேறான ஒரு சிக்கலைக் கொடுத்தார்கள். கதை உதவும் என்று தானாகக் கண்டுகொண்டவர்கள் சிறுபான்மை. அந்தக் கதையைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று ஒரே வரி சொன்னதும் நான்கில் மூன்று பேருக்கு விடை வந்துவிட்டது. அறிவு தலைக்குள் இருந்தது. இங்கே எடு என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைத்து, இவற்றில் எது பொது என்று எழுதச் சொன்னபோது, குறிப்புச் சொல்லாமலே பலர் கண்டுகொண்டார்கள்.

இதையே வகுப்பில் செய்து பார்க்கத் தேங்காயே போதும்; செம்பட்டி வட்டாரத்தில் தென்னைக்குப் பஞ்சமில்லை. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தேங்காய்ப் பையனின் வழி: மூன்று 105, இன்னொன்று 35, ஆக 140. வலப்பக்கம் பாடப் புத்தகத்தின் வழி: 35ஐ மேலே, 4ஐக் கீழே எழுதி, நாலஞ்சு இருபது, முப்பது நான்கு நூற்றிருபது. பிறகு பிள்ளைகளிடம் கேட்கலாம்: வலப்பக்கத்தில் இருக்கும் இருபது எந்தத் தேங்காயின் காசு? எந்த ஒரு தேங்காயின் காசும் அல்ல. நான்கு தேங்காயிலிருந்தும் ஐந்தைந்தாக எடுத்தது. இடப்பக்கம் தேங்காய்களைப் பிரித்தோம், வலப்பக்கம் விலையைப் பிரித்தோம், என்பது வரை பிள்ளைகள் தாமாக வந்துவிட்டால் பங்கீட்டுப் பண்பு முழுவதும் வந்தாயிற்று. அதன் பெயரை மறுநாள்கூடச் சொல்லலாம். தாளில் 200 எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த மீதி இரண்டு எத்தனை ரூபாய் என்று கேட்டாலும் போதும். இருபது ரூபாயை முப்பதோடு கூட்டி ஒரு தேங்காயை ஐம்பதுக்கு விற்றிருக்கிறோம் என்று அதுவே கண்டுபிடிக்கும். இதற்கு மணியும் வேண்டாம், தக்ளியும் வேண்டாம். ஒரு முழு பீரியட் வேண்டும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் ஆசிரியரிடம் இல்லாததும் அதுதான்.